வீட்டுல கட்டுற ரெண்டு சீட்டர் காருக்கு எந்த சீட்டு, எப்படி மாட்டுறது? (ஓசூர்)

மத்திகிரி_கேரேஜ்
வணக்கம் மக்களே. நானும் தம்பியும் சேர்ந்து லோட்டஸ் செவன் (கூரை இல்லாத, தரைய ஒட்டுன பழைய ரெண்டு சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார்) ஸ்டைல்ல ஒரு வண்டி கட்டிட்டு இருக்கோம். 25 எம்எம் ஸ்கொயர் பைப், 16 கேஜ், மாருதி எஸ்டீம் 1.3 இன்ஜின், ஜிப்ஸி கியர்பாக்ஸ், ஜிப்ஸி ஆக்ஸில். பிரேம் முடிஞ்சு ஸ்டாண்ட் மேல நிக்குது. பெடலும் ஸ்டியரிங்கும் டேக் வெல்டு (தற்காலிகமா சின்ன புள்ளி வெல்டு) மட்டும் அடிச்சு விட்டிருக்கேன். ரோல் பார் (வண்டி கவுந்தா தலைய காப்பாத்துற வளைஞ்ச பைப்பு) இன்னும் வளைக்கல. இப்ப சீட்டு வாங்கலாம்னு பாத்தா மூணு வழி இருக்கு:

ஸ்கிராப்ல பழைய ஆல்டோ முன் சீட்டு ஒரு ஜோடி சல்லிசா கிடைக்குது. பெங்களூர்ல ஒருத்தர் ஃபைபர் பக்கெட் சீட் விக்கிறார், ரேஸ் சீட் மாதிரியே இருக்கு, ஸ்டிக்கர்லாம் ஒட்டி. இல்லன்னா அலுமினியம் ஷீட் வாங்கி நானே மடிச்சு செஞ்சிடலாம்.

தரை 1.2 எம்எம் ஷீட். நாலு எம்8 போல்ட் போட்டு இறுக்கிடலாம்னு இருக்கேன். நான் 5 அடி 11, தம்பி 5 அடி 4, ரெண்டு பேரும் ஓட்டணும். எதை வாங்கலாம்?

காவேரிப்பட்டணம்_சிவப்பு
ஆல்டோ சீட்டு வாங்கி போடு தம்பி, மிச்ச காசுல டயர் வாங்கு. சீட்டுக்கு போய் இவ்ளோ யோசனையா 😄

பர்கூர்_ஆர்டிஓ_பயம்
முதல்ல ஒண்ணு சொல்லுப்பா, இதை ரோட்ல ஓட்டப்போறியா? வீட்டுல கட்டுன வண்டிய ரிஜிஸ்டர் பண்ண ஏஆர்ஏஐ மாதிரி டெஸ்டிங் ஏஜென்சில அப்ரூவல் வேணும், நம்ம மாதிரி ஆளுக்கு நடக்குற காரியம் இல்ல. பழைய எஸ்டீம் ஆர்சிய வெச்சு ஓட்டிடலாம்னு எவனாச்சும் சொன்னா கேக்காத. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு இருக்கு, கம்பெனி குடுத்த ஸ்பெக்ல இருந்து மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

மத்திகிரி_கேரேஜ்
ரோட்ல இல்லண்ணா, ட்ராக்குக்கு மட்டும் தான். டெம்போல ஏத்தி இருங்காட்டுக்கோட்டை கொண்டு போவோம், ஹைவே நேரா போகுது. இல்லன்னா கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே.

தொப்பூர்_இறக்கம்
தம்பி, நான் கொஞ்ச வருஷம் ஓசூர் பக்கம் ஒரு சீட்டு பாகம் செய்யுற கம்பெனில லைன்ல இருந்தவன், அதனால நீளமா எழுதுறேன், பொறுமையா படி.

நீ கேள்விய தப்பான முனையில இருந்து பிடிச்சிருக்க. "எந்த சீட்டு"ன்னு முதல்ல கேக்காத. ரோல் பார் எங்க வருது, பெல்ட் எத்தன பாயிண்ட் (எத்தன இடத்துல மாட்டுறது), பெல்ட் எங்க மாட்டுது, இந்த மூணையும் முடிவு பண்ணு, அப்புறம் சீட்டு தானா முடிவாயிடும். ஏன்னா மோதுறப்ப உன்னைய பிடிச்சு வெக்கிறது பெல்ட்டு தான், சீட்டோட வேலை நீ பெல்ட்டுக்குள்ள சரியான இடத்துல இருக்கற மாதிரி பாத்துக்கறது. சீட்டு பிச்சுக்கிட்டா பெல்ட்டும் லூசாயிடும், எவ்ளோ நல்ல பெல்ட்டு போட்டாலும் புண்ணியம் இல்ல.

கணக்கு பாரு. நீ 75 கிலோன்னு வெச்சுக்க. 20 ஜி, அதாவது புவியீர்ப்பு மாதிரி 20 மடங்கு அடி விழுந்தா அந்த நேரம் உன் எடை ஒன்றரை டன். எஃப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) ரேஸ் கார் விதில சீட்டோட ஒவ்வொரு மவுண்டிங் பாயிண்ட்டும் எந்த பக்கம் இழுத்தாலும் 15,000 நியூட்டன் தாங்கணும்னு போட்டிருக்கான், அதுவும் ஏறக்குறைய அந்த ஒன்றரை டன் தான்.

இப்ப உன் எம்8 போல்ட்டுக்கு வா. ஹார்டுவேர் கடைல எடை போட்டு குடுக்கறது பெரும்பாலும் 4.6 கிரேடு (கிரேடுன்னா போல்ட்டோட பலத்துக்கு உள்ள நம்பர்). எம்8ல இழுவை தாங்குற பரப்பு 36.6 சதுர எம்எம், 4.6 கிரேடுன்னா சதுர எம்எம்முக்கு 400 நியூட்டன், பெருக்கிப்பாரு, 14,640 நியூட்டன் தான் வரும். அதாவது விதி கேக்குறதுக்கு ஒரு பிடி கம்மிலயே அறுந்துடும். அதே எம்8 8.8 கிரேடா இருந்தா 29,000க்கு மேல போகும். பைசா வித்தியாசம், பலம் டபுள்.

ஆனா போல்ட்டு அறுறதுக்கு முன்னாடியே உன்னோட 1.2 எம்எம் ஷீட் கிழிஞ்சிடும், அதுதான் பெரிய பிரச்சனை. சின்ன வாசர் போட்டு இறுக்கினா போல்ட்டு தலை வாசரோட சேந்து ஓட்டை வழியா மேல வந்துடும். எஃப்ஐஏ விதில அதுக்குத்தான் அடியில கவுண்டர் பிளேட் கேக்குறான், ஸ்டீல்னா 3 எம்எம் கனம், அலுமினியம்னா 5 எம்எம், ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் 40 சதுர செமீ தொடுற பரப்பு. 8க்கு 5 செமீ பிளேட்டுன்னா கணக்கு சரியா வரும். அதெல்லாம் ஷீட் மெட்டல் பாடி உள்ள வண்டிக்கு. உனக்கு ட்யூப் பிரேம் இருக்கு, நீ ஷீட்டுல மாட்டவே வேணாம். சீட்டுக்கு அடியில குறுக்கால ரெண்டு ஸ்கொயர் பைப் ஓட்டி ரெண்டு பக்கமும் பிரேமோட வெல்டு பண்ணிடு, சீட்டு அந்த பைப்புல மாட்டட்டும்.

காவேரிப்பட்டணம்_சிவப்பு
அண்ணா நம்ம ஊர்ல எத்தன ஆம்னில பிளாஸ்டிக் ஸ்டூலு போட்டு ஸ்கூல் பசங்கள ஏத்திட்டு போறான், இங்க 20 ஜி கணக்கா. எங்க மாமா டாடா ஏஸ்ல சீட்ட ஆங்கிள் வெச்சு வெல்டு பண்ணி வருஷக்கணக்கா ஓட்டுறார், ஒண்ணும் ஆகல.

தொப்பூர்_இறக்கம்
ஒண்ணும் ஆகல, ஏன்னா மாமா இன்னும் எதுலயும் மோதல. மோதாத வண்டில துணி கட்டுன நாற்காலி கூட சேஃப் தான். நம்ம தொப்பூர் கணவாய்ல ஓரமா நின்னு ஒரு நாள் பாருங்க, கிரேன் தூக்கிட்டு போற வண்டிகள்ல சீட்டு எந்த பக்கம் திரும்பி கிடக்குன்னு.

சூளகிரி_டிக்வெல்டு
வெல்டர் பார்வைல ரெண்டு வார்த்த.

ஸ்கொயர் பைப்புல சும்மா ஓட்டை போட்டு போல்ட்டு இறுக்காதீங்க ப்ரோ. 1.6 எம்எம் சுவரு, இறுக்க இறுக்க பைப்பு நசுங்கும், நசுங்குன பைப்புல போல்ட்டோட இறுக்கம் நிக்காது, நாலு ரவுண்டு ஓடுனதும் லூஸ். பைப்பு குறுக்கால ட்ரில் பண்ணி உள்ள ஒரு புஷ் சொருகணும், கனமான சுவர் உள்ள ரவுண்டு பைப்பு, உள் விட்டம் 8க்கு கொஞ்சம் மேல. ரெண்டு முனையும் சுத்தி வெல்டு, கிரைண்டர்ல மட்டம் தட்டிடு. அப்புறம் போல்ட்டு அந்த புஷ் மேல தான் இறுகும். எம்8 8.8க்கு 25 நியூட்டன் மீட்டர் பக்கம், நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்கற, தானா லூசாகாத நட்டு) போடு, ஒரு தடவ கழட்டுனா புது நட்டு.

ஆல்டோ சீட்டோட ரயிலுக்கு நேரா வெல்டு வைக்கலாம்னு யாராச்சும் சொன்னா விடாத. சீட்டு ரயில் எல்லாம் பலமான ஸ்டீல், சூடு பட்டா வெல்டு ஓரத்துல பலம் மாறிடும். வெளிய பாக்க அழகா இருக்கும், அடி விழுந்தா அந்த ஓரத்துலயே விட்டுடும். பிராக்கெட் தனியா செஞ்சு போல்ட்டுல மாட்டு.

ஜிஐ பைப்ப (ஜிங்க் பூசுன பைப்பு) ஓசில கிடைச்சுதுன்னு எடுத்துடாத. ஜிங்க் புகை நெஞ்சுக்கு ஆகாது, வெல்டும் குமிழ் குமிழா வரும். ஜிங்க் பூசாத கறுப்பு ஈஆர்டபிள்யூ பைப்பே போதும்.

பாஜா_பையன்_கிருஷ்ணகிரி
அண்ணா நான் காலேஜ் ஃபார்முலா டீம்ல எர்கோ (ஓட்டறவர் உக்கார்ற அளவு விஷயம்) பாக்குறேன். ஆல்டோ சீட்டுக்கு என் ஓட்டு இல்ல, காரணம் உயரம். ரயிலு, அதுக்கு மேல பிரேம், அதுக்கு மேல ஸ்பிரிங், ஃபோம். செவன் மாதிரி வண்டில நீங்க தரைல காலை நீட்டி உக்காரணும், ஆல்டோ சீட்டு போட்டா 5 அடி 11 ஆளு தலை ரோல் பாருக்கு மேல போயிடும்.

எங்க ரூல்ல என்னன்னா, பின்னாடி ரோல் ஹூப் (வளைவா வர்ற ரோல் பார்) உச்சில இருந்து முன்னாடி ஹூப் உச்சிக்கு ஒரு நேர்கோடு, ஹெல்மெட் அந்த கோட்டுக்கு 50 எம்எம் கீழ இருக்கணும். நூல் கட்டி பாருங்க. நீங்க ரோல் பார் இன்னும் வளைக்கலன்னு சொன்னது ரொம்ப நல்லது, பழைய பிளைவுட்டுல சீட்டு மாதிரி ஒண்ணு அடிச்சு, ஹெல்மெட்டோட உக்காந்து, தலை எங்க வருதுன்னு குறிச்சிட்டு அப்புறம் பாரை வளைங்க. தலைய ஒட்டி வர்ற பார்ல கெட்டியான ரோல் பார் பேடிங் போடுங்க. ஏசி பைப்புக்கு சுத்துற கறுப்பு ஃபோம் சும்மா பேருக்கு தான், விரல்ல அமுக்குனா இரும்பு தட்டுப்படும்.

மத்திகிரி_கேரேஜ்
சூப்பர் டா தம்பி. சரி பெல்ட்டுக்கு வரேன். ஆன்லைன்ல நாலு பாயிண்ட் ஹார்னஸ் (ரெண்டு தோளயும் இடுப்பயும் பிடிக்கற ரேஸ் பெல்ட்) கலர் கலரா கிடைக்குது. அதுவா, இல்ல மாருதி மூணு பாயிண்ட் பெல்ட்டா?

பாஜா_பையன்_கிருஷ்ணகிரி
ட்ராக்குக்கு ஆறு பாயிண்ட். நாலுல ஒரு கோளாறு இருக்கு. தோள்பட்டை ஸ்ட்ராப்ப இழுத்து இறுக்குனா நடு பக்கிள் மேல ஏறும், அது கூடவே இடுப்பு பெல்ட்டும் வயித்துக்கு ஏறிடும். மோதுனா உடம்பு பெல்ட்டுக்கு அடியில வழுக்கி முன்னாடி போகும், பெல்ட்டு எலும்புல பிடிக்காம வயித்துல பிடிக்கும், குடலு கல்லீரல்னு உள்ள இருக்கற எல்லாம் போயிடும். தொடைக்கு நடுவுல வர்ற ஸ்ட்ராப் அந்த பக்கிள கீழ பிடிச்சு வெக்கத்தான். அதுக்கு சீட்டுல ஓட்டை இருக்கணும், ஆல்டோ சீட்டுல இல்ல.

ஆங்கிள்: இடுப்பு பெல்ட்டு இடுப்பெலும்பு மேலயே உக்காரணும். நிமிந்து உக்காந்தா தரையோட 45ல இருந்து 65 டிகிரி, சாஞ்சு படுத்த மாதிரி உக்காந்தா 60ல இருந்து 80. தோள் ஸ்ட்ராப்பு தோள்ல இருந்து பின்னாடி கிட்டத்தட்ட மட்டமா போகணும், எங்க ரூல்ல மேல 10 டிகிரி, கீழ 20 டிகிரி வரைக்கும் விடுறான்.

தொப்பூர்_இறக்கம்
அந்த தோள் ஸ்ட்ராப் விஷயத்துல தான் வீட்டுல கட்டுறவங்க நிறைய பேரு கோட்ட விடுறாங்க. சுலபமா இருக்குன்னு பின்னாடி தரைல மாட்டிடுவாங்க. எஃப்ஐஏ விதில 45 டிகிரிக்கு மேல கீழ இறங்கவே கூடாது, 10க்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்றான். ஏன்னா மோதுறப்ப நீ முன்னாடி போவ, செங்குத்தா இறங்குற ஸ்ட்ராப்பு உன் தோள கீழ அமுக்கும், முதுகெலும்பு மேல இருந்து நசுங்கும். தோள் உயரத்துல குறுக்கால ஒரு பார் ரோல் பாரோட சேத்து வெல்டு பண்ணு, ஸ்ட்ராப்ப அதுல சுத்து. உயரமான ஆளு நீ, உன் தோள வெச்சு அளவு எடு. தம்பிக்கு பார் கொஞ்சம் மேல நிக்கும், அது பரவால்ல, 10 டிகிரிய தாண்டாம பாத்துக்க.

இன்னொண்ணு, ரோல் பார் இல்லாம ஹார்னஸ் போடவே கூடாது. மூணு பாயிண்ட் பெல்ட்டுல வண்டி கவுந்தா உடம்பு கொஞ்சமாச்சும் சாயும். ஹார்னஸ் உன்னைய நட்ட குத்தா பிடிச்சு வெச்சுடும், அப்ப முதல்ல தரைய தொடுறது தலை தான்.

பெல்ட்டு எல்லாத்தையும் பிரேம்ல மாட்டு, சீட்டுல மாட்டாத. கம்பெனி கார் சிலதுல பக்கிள் சீட்டோடயே வரும், அந்த சீட்டும் ரயிலும் தரையும் அந்த லோடுக்கே டிசைன் பண்ணி டெஸ்ட் பண்ணுனது. அந்த சீட்ட உன் பிராக்கெட்ல வெச்சா உன்னைய பிடிக்கற லோடு மொத்தமும் உன் பிராக்கெட் தலைல விழும்.

காவேரிப்பட்டணம்_சிவப்பு
சரி ஒத்துக்கறேன், ஆல்டோ வேணாம். ஆனா ஸ்கிராப்ல ஹார்னஸ் கிடைக்குதே, ரேஸ் டீம்காரங்க மாத்தி போட்டது, பாதி விலைக்கு. அது?

தொப்பூர்_இறக்கம்
அவங்க எதுக்கு மாத்துனாங்கன்னு யோசிங்க. எஃப்ஐஏவோட 8853-2016 ஸ்டாண்டர்டு ஹார்னஸ்ல தேதி முடியற வருஷம் லேபிள்லயே இருக்கும். அது தாண்டிடுச்சுன்னா ஸ்க்ரூட்டினில (ரேஸுக்கு முன்னாடி நடக்கற வண்டி செக்கிங்) விட மாட்டாங்க. விபத்து நடந்த வண்டிலிருந்து கழட்டுன பெல்ட்டு எதுவா இருந்தாலும் வேணாம், ஒரு தடவ இழுபட்ட நாடா அடுத்த தடவ அதே மாதிரி வேலை செய்யாது. அப்புறம் நம்ம வெயிலு, திறந்த வண்டி, நாடா வெளுத்து சொரசொரன்னு ஆயிடுச்சுன்னா அதுக்கு ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம். நிறுத்துற நேரம் சீட்டு மேல ஒரு கவர் போட்டு வை.

ஸ்கிராப்ல இருந்து புது மாடல் வண்டி சீட்டு எடுக்கறவங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் இருந்தா அதுல சைடு ஏர்பேக் இருக்கு, வெடிமருந்து உள்ள சமாச்சாரம். பெல்ட்டு ரீல்ல பிரீடென்ஷனர் (மோதுறப்ப பெல்ட்ட வெடிச்சு இறுக்கறது) இருந்தாலும் அதே கதை தான். மல்டிமீட்டர் வெச்சு நோண்டறது, பக்கத்துல வெல்டு வைக்கறது, எதுவும் கூடாது.

குஷன்கடை_பாலக்கோடு
நானும் வீட்டுக்காரரும் குஷன் கடை வெச்சிருக்கோம், தையல் என் பக்கம். பாக்க வந்தேன், எல்லாரும் இரும்பு பத்தியே பேசறீங்க.

ட்ராக் வண்டி சீட்டுல மெத்துனு ஃபோம் போடாதீங்க தம்பி. கடைல உக்காந்து பாக்கும்போது சொகமா இருக்கும். மோதும்போது முதல்ல ஃபோம் அமுங்கும், அமுங்குன அளவுக்கு பெல்ட்டு லூசாகும், அப்புறம் அடியில இருக்கற தரைல போய் இடுப்பு முட்டும். கெட்டியான ஃபோம், ஒரு விரல் கனம், அதுக்கு மேல துணி. விரல வெச்சு முழு பலத்துல அமுக்குனா லேசா குழியணும், தரை தட்டக்கூடாது. நாங்க சோபாக்கு போடற சாதா ஃபோமுக்கு இது கிட்ட கூட வராது. ரெக்சின் வேணாம், தீப்பிடிச்சா உருகி தோல்ல ஒட்டிக்கும், தீப்பிடிக்காத துணின்னு கேட்டு வாங்குங்க.

அந்த பெங்களூர் ஃபைபர் சீட்டு, எங்க கடைக்கும் தைக்க வந்திருக்கு ஒண்ணு ரெண்டு. கவர கழட்டி பின்பக்கம் டார்ச் அடிச்சு பாத்தேன், ஒரு இடத்துல வெளிச்சம் பளிச்சுனு தெரியுது, ஒரு இடத்துல இருட்டா இருக்கு. உள்ள வெக்கற ஃபைபர் விரிப்பு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி படியல. போல்ட்டு வர்ற இடத்துல உள்ள இரும்பு பிளேட்டே இல்ல, ஃபைபர்லயே நட்டு பதிச்சிருக்காங்க.

தொப்பூர்_இறக்கம்
அக்கா சொன்ன டார்ச் டெஸ்ட்ட எல்லாரும் குறிச்சுக்கோங்க, காசு செலவில்லாத சோதனை.

நிஜ ரேஸ் சீட்டுல 8855-1999, 8862-2009 மாதிரி எஃப்ஐஏ ஸ்டாண்டர்டு நம்பர், செஞ்ச தேதி, ஹோமோலோகேஷன் (எஃப்ஐஏ அப்ரூவல்) நம்பர் எல்லாம் லேபிள்ல இருக்கும். முதல் வகைக்கு ஆயுசு செஞ்ச தேதில இருந்து 5 வருஷம், ரெண்டாவதுக்கு 10. லேபிள பிரிண்ட் அடிக்கறது கஷ்டம் இல்ல, அதனால நம்பர எஃப்ஐஏ வெப்சைட்ல இருக்கற லிஸ்டோட ஒப்பிட்டு பாரு. விக்கிறவர்கிட்ட நம்பர போட்டோ அனுப்ப சொல்லு, அங்கயே பாதி கதை முடிஞ்சிடும்.

மத்திகிரி_கேரேஜ்
போட்டோ கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், எத்தனையோ பேரு வாங்கிட்டு போயிருக்காங்க"ன்னு பதில் வந்துச்சு 😂 சரி அது போச்சு. அப்ப அலுமினியமா?

சூளகிரி_டிக்வெல்டு
அலுமினியம் செய்யலாம், ஆனா மடிச்சு ஓரத்துல வெல்டு வெச்சுட்டு முதுகுப்பக்கம் சும்மா நிக்க விட்டா பின்னாடி இருந்து அடி விழும்போது வெல்டு ஓரமா கிழியும். முதுகுக்கு பின்னாடி ரோல் பார்ல இருந்து ஒரு பிரேஸ் கண்டிப்பா வேணும். இவ்ளோ வேலைக்கு லேபிள் உள்ள ஒரு சீட்டு வாங்கிடலாம் ப்ரோ. நீ ஒண்ணு மட்டும் வாங்கு, பக்கத்து சீட்டு அப்புறம் பாத்துக்கலாம், ட்ராக்ல யாரு பக்கத்துல உக்காரப்போறா.

மத்திகிரி_கேரேஜ்
எங்கம்மா கேட்டுட்டு இருக்காங்க, எனக்கு எந்த சீட்டுடான்னு.

சரி ஒண்ணே வாங்கறேன். ஆனா நானும் தம்பியும் மாத்தி மாத்தி ஓட்டணுமே, ஏழு இன்ச் வித்தியாசம். ஸ்லைடர் போடலாமா?

பர்கூர்_ஆர்டிஓ_பயம்
ஸ்லைடர் போட்டா ரெண்டு பக்கமும் லாக் ஆகறதா பாத்து போடு. ஒரு பக்கம் மட்டும் லாக் ஆகற மாருதி ரயில்ல பக்கெட் சீட்ட வெச்சா சீட்டு முறுக்கிட்டு நிக்கும்.

பாஜா_பையன்_கிருஷ்ணகிரி
அண்ணா ஸ்லைடரே வேணாம், ரயிலு போட்டா உயரமும் ஏறும். சீட்ட உங்க அளவுக்கு ஃபிக்ஸ் பண்ணிடுங்க. தம்பிக்கு தனியா ஒரு இன்சர்ட் ஊத்திடலாம். ரெண்டு பாகம் கலந்து ஊத்துற பியூ ஃபோம கெட்டியான பெரிய பையில ஊத்தி, சீட்டுல வெச்சு, அதுக்கு மேல தம்பிய ரேஸ் சூட்டோட உக்கார வெச்சா அவரு முதுகு மாதிரியே அச்சா வந்துடும். அவரு முன்னாடி வருவாரு, பெடல் எட்டும், கொஞ்சம் மேலயும் வருவாரு, தோள் ஸ்ட்ராப்பு ஆங்கிளும் சரியாகும். அவரு குள்ளம், அதனால தலைக்கு இடம் இருக்கும், ஆனாலும் நூல் கட்டி பாத்துடுங்க. ஓட்டற நேரத்துக்கு தகுந்த மாதிரி எடுத்து மாட்டிக்கலாம், அடியில வெல்க்ரோ போட்டா நகராது.

திறந்த இடத்துல பண்ணுங்க, கையுறை கண்ணாடி மாஸ்க் போட்டுக்கோங்க, அந்த புகை கெட்டது. கலந்த உடனே சூடாகும், தம்பி கத்துவாரு. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, மொத்தமா ஊத்துனா பொங்கி கராஜ் பூரா ஒட்டிக்கும், சுரண்டவே முடியாது. ஆறுனதும் தொடைக்கு நடுவுல வர்ற ஸ்ட்ராப்புக்கு வழி வெட்ட மறந்துடாதீங்க, நிறைய டீம் அங்க தான் சொதப்பும்.

காவேரிப்பட்டணம்_சிவப்பு
அந்த ஃபோம் ஊத்துற அன்னிக்கு சொல்லுங்க, தம்பி கத்துறத பாக்க வரேன், மாங்கா எடுத்துட்டு வரேன்.

மத்திகிரி_கேரேஜ்
வாங்கண்ணா வாங்க. இப்போதைக்கு திட்டம் இதுதான்: பிளைவுட்டுல சீட்டு அடிச்சு ஹெல்மெட்டோட அளவு, அப்புறம் ரோல் பார், அதுலயே ஹார்னஸ் பார், சீட்டுக்கு அடியில ரெண்டு குறுக்கு பைப்பு புஷ்ஷோட. லேபிள் உள்ள சீட்டு ஒண்ணு, ஆறு பாயிண்ட் பெல்ட்டு ஒண்ணு. தம்பி இன்சர்ட்டுக்கு ஓகே சொல்லிட்டான், கத்துவான்னு இன்னும் சொல்லல.

8.8 போல்ட்டு வாங்கும்போது கடைக்காரர நம்பலாமா?

சூளகிரி_டிக்வெல்டு
தலைய பாரு. 8.8ன்னும் செஞ்ச கம்பெனி மார்க்கும் தலையிலயே எழும்பி இருக்கணும். மார்க் இல்லாத போல்ட்ட "இது 8.8 தான் சார், எங்க ஆளு செக் பண்ணிட்டாரு"ன்னு எவன் குடுத்தாலும் வாங்காத. நீளமும் பாத்து வாங்கு, நட்டுக்கு வெளிய ரெண்டு மூணு மரை தெரியணும், அதே நேரம் பைப்புக்கு கீழ ரொம்ப தொங்கவும் கூடாது, உன் வண்டி தரைய ஒட்டி ஓடறது, டெம்போ பலகைல ஏத்தும்போதே முட்டி வளைஞ்சிடும். சீட்டுக்கு பின்னாடி பெட்ரோல் டேங்க் வெக்கறியா? அப்ப பின்னாடி படுக்கையா வர்ற போல்ட்டு ஏதாச்சும் இருந்தா அதோட முனை டேங்க் பக்கம் நீட்டாம தலைய பின்பக்கமும் நட்ட முன்பக்கமும் வர்ற மாதிரி மாட்டு.